யாரும் வேண்டாத நாய்களைத் தேடிப் போன கர்னல் ரிச்சர்ட்சன்

பினாங்கில் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது கடையில் விலை கொடுத்து வாங்குவதோடு நிற்பதில்லை. ஜெலுத்தோங் படகுத்துறைச் சாலையில் உள்ள எஸ்பிசிஏ காப்பகம் போன்ற இடங்களுக்குப் போய், தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த ஊர்க் காப்பகமானாலும் கேட்பவர்கள் பெரும்பாலும் குட்டியையே கேட்பார்கள். அதுவும் அழகான குட்டியாக இருக்க வேண்டும். வளர்ந்த நாய், கறுப்பு நாய், அடிபட்டுப் பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய் ஆகியவை கம்பிக்குப் பின்னாலேயே தங்கிவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் நாய்க் காப்பகத்துக்கு ஓர் இராணுவ அதிகாரி வந்தார். அவர் தேடியது குட்டியை அல்ல, அழகையும் அல்ல. கேட்பாரற்று, சாகும் நாளுக்குக் காத்திருந்த வளர்ந்த நாய்களைத்தான் அவர் பொறுக்கி எடுத்துப் போனார். சில வாரங்களில் அவற்றைப் பழக்கி, ஒவ்வொன்றையும் அதற்கு ஏற்ற ஒரு மனிதரிடம் ஒப்படைத்தார். அவர் பெயர் எட்வின் ஹோட்டன்வில் ரிச்சர்ட்சன். 1863ஆம் ஆண்டு பிறந்தவர். பிரிட்டிஷ் இராணுவத்தின் நாய்ப் பயிற்சிக்குத் தந்தை என்று சொல்லத் தக்கவர்.

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளைக்காரத் துரையும் அவருடைய நாயும் புதிதல்ல. பங்களா நாய்க்கு விழுந்த இறைச்சித் துண்டு லயத்துப் பிள்ளைகளின் தட்டில் விழவில்லை என்ற ஆதங்கம் மூத்தவர்கள் பேச்சில் இன்றும் வந்துபோகும். ரிச்சர்ட்சனும் அந்தத் துரைமார் வர்க்கத்தில் வந்தவர்தான். வேட்டைக்குப் போவார், நல்ல சாதி நாய்களை வளர்த்தார். ஆயினும் நாயை அந்தஸ்துக்காக வைத்திருப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை. ஒரு நாயின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே அவர் தம் வாழ்நாளைச் செலவழித்தார்.

1895ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் வேட்டைக்குச் சென்றிருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் ஆட்டிடையர் ஒருவரிடம் மேய்ச்சல் நாயை விலைக்கு வாங்குவதை அவர் பார்த்தார். விசாரித்தபோது, வாங்கியவர் ஜெர்மானியர் என்றும், ஜெர்மன் இராணுவத்துக்காக இப்படிப் பல நாய்களை வாங்கிப் போகிறார் என்றும் தெரிந்தது. ஸ்காட்லாந்து மேய்ச்சல் நாய்க்கு நிகரான அறிவுள்ள நாய் தங்கள் நாட்டில் இல்லை என்று அவர்கள் கருதினார்களாம். சொந்த நாட்டு இராணுவம் கண்டுகொள்ளாத ஒன்றை அயல்நாட்டான் தேடி வந்து வாங்கிப் போகிறானே என்று ரிச்சர்ட்சனுக்கு உறைத்தது.

அன்று முதல் அவரும் அவருடைய மனைவி பிளான்ச்சும் வீட்டிலேயே நாய்களைப் பழக்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், பான்பிரைட் என்ற ஊரில் அவர்கள் வீடு இருந்தது. அருகில் இராணுவப் பயிற்சி முகாம் இருந்ததால், படைவீரர்களைக் காயம்பட்டவர்கள்போல் படுக்கவைத்து நாய்களைத் தேடவிட வசதியாக இருந்தது. மனைவியின் பங்கை ரிச்சர்ட்சன் மறைத்ததில்லை. பின்னாளில் பயிற்சிப் பள்ளி அமைந்தபோதும் இருவரும் சேர்ந்தே அதை நடத்தினார்கள்.

பிரிட்டிஷ் போர் அமைச்சு மட்டும் அசையவில்லை. இருபது ஆண்டுகள் அவர் கதவைத் தட்டினார். ரஷ்யா 1904-05இல் ஜப்பானோடு போரிட்டபோது, காயம்பட்டவர்களைத் தேட அவருடைய நாய்கள் அங்கே அனுப்பப்பட்டன. 1911இல் இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் நடந்த அபோர் படையெடுப்பில் கூர்க்கா வீரர்களோடு காவலுக்கு அவர் பழக்கிய நாய் போனது. இரவு ரோந்துக்கு நாய் வைத்துக்கொள்ளலாம் என்று போலீசாரையும் அவர் தூண்டினார். சொந்த இராணுவத்தில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. 1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஜெர்மனியிடம் ஆயிரக்கணக்கான நாய்கள் தயாராக இருந்தன. பிரிட்டனிடம் இருந்தது ஒரே ஒரு நாய். நார்ஃபோக் படைப்பிரிவில் காவலுக்கு இருந்த ஏர்டேல் வகை நாய் அது. பிரான்சில் குண்டு விழுந்து அதுவும் செத்தது.

இராணுவத்தின் மனத்தை மாற்றியது தொலைபேசிக் கம்பி. பதுங்குகுழிப் போரில் முன்வரிசைக்கும் தலைமையகத்துக்கும் இடையே போட்ட கம்பிகளைக் குண்டுகள் ஓயாமல் அறுத்தன. புகையிலும் பனியிலும் கொடி காட்டிப் பயனில்லை. செய்தி கொண்டு ஓடும் வீரர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். பீரங்கிப் படை அதிகாரி ஒருவர், செய்தி கொண்டு வர நாய்களைப் பழக்கித் தர முடியுமா என்று ரிச்சர்ட்சனுக்கு எழுதினார். 1916 முடியும் தறுவாயில் வுல்ஃப், பிரின்ஸ் என்ற இரண்டு ஏர்டேல் நாய்கள் பிரான்சுக்குப் போயின. கம்பிகள் எல்லாம் அறுந்த நேரத்தில் அவை செய்தியோடு வந்து சேர்ந்தன. சேறும் குண்டுக் குழியும் நிறைந்த வழியில் ஒரு வீரர் மணிக்கணக்கில் கடக்கும் தொலைவை நாய் அதில் சிறு பகுதி நேரத்தில் கடந்தது.

பிறகுதான் கதவு திறந்தது. 1917இல் தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, ஷூபரிநெஸ் என்ற ஊரில் போர் நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளி வந்துவிட்டது, நாய்களுக்கு எங்கே போவது?

ரிச்சர்ட்சன் போன இடம் பேட்டர்சீ. லண்டனில் பசியோடு திரிந்த தெரு நாய்களுக்காக மேரி டீல்பி என்ற பெண்மணி 1860இல் தொடங்கிய காப்பகம் அது. மனிதர்களே சோறின்றித் தவிக்கும் நகரத்தில் நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் அப்போது கேலி செய்தன. 1871இல் பேட்டர்சீக்கு இடம் மாறியது, இன்றும் அங்கேயே இயங்குகிறது. அந்த நாளைய சட்டப்படி போலீஸ் பிடித்த தெரு நாயை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் வராவிட்டால், வேறு யாரும் வாங்காவிட்டால், அதன் கதை முடிந்தது. வலியில்லாமல் சாகடிக்க அங்கே தனி அறையே இருந்தது. 1884இல் அதை வடிவமைத்துக் கொடுத்த மருத்துவர் பெயரும் ரிச்சர்ட்சன்தான், பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன். ஒரு ரிச்சர்ட்சன் அமைத்த அந்த அறைக்குப் போகவிருந்த நாய்களை இன்னொரு ரிச்சர்ட்சன் வந்து எடுத்துப் போனார் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

பேட்டர்சீ நாய்கள் போதவில்லை. பர்மிங்ஹாம், லிவர்பூல், பிரிஸ்டல், மான்செஸ்டர் காப்பகங்களிலிருந்தும் நாய்கள் வந்தன. பின்னர் நாடு முழுதும் உள்ள போலீஸ் நிலையங்கள் தாங்கள் பிடிக்கும் தெரு நாய்களில் ஏற்றவற்றை அனுப்பும்படி உத்தரவு போயிற்று.

எல்லா நாயும் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அவருக்குப் பிடித்தவை மேய்ச்சல் நாய்கள், ஏர்டேல் வகை, லர்ச்சர் எனப்படும் கலப்பு நாய்கள். லர்ச்சர் என்பது பிரபுக்களின் காட்டில் திருட்டுத்தனமாக முயல் பிடிப்பவர்கள் வளர்க்கும் நாய். சத்தம் போடாது, தானாக முடிவெடுக்கும், வேகமாக ஓடும். கண்காட்சியில் அதற்கு மதிப்பில்லை, ரிச்சர்ட்சனிடம் முதல் மரியாதை. மோப்ப வேட்டை நாய்கள் செய்தி வேலைக்குச் சரிப்படவில்லை. வழியில் எந்த வாசனை வந்தாலும் அதன் பின்னே போய்விடும். ஃபாக்ஸ் டெரியர் வகை விளையாட்டுப் புத்தி அதிகம் என்று ஒதுக்கினார்.

வாலையும் அவர் விடவில்லை. முதுகின் மேல் சுருட்டிக்கொண்டு குதூகலமாக ஆட்டும் வாலுள்ள நாய் பொறுப்பான வேலைக்கு உதவாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட கணக்கு. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் பழமொழி. ரிச்சர்ட்சன் அதை நிமிர்த்த முயலவே இல்லை, வாலைப் பார்த்து ஆளை முடிவு செய்தார். இன்றைய நாய் வல்லுநர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்களா என்பது ஐயமே. நம்மூர்த் தெரு நாய்களில் சுருட்டை வால்காரர்கள்தான் எத்தனை! கூர்மையான அறிவோடு வீட்டைக் காக்கும் அந்த நாய்களை அவர் பார்த்திருந்தால் இந்த ஒரு விதியையாவது தளர்த்தியிருப்பார்.

பயிற்சி ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரம். மற்றவர்களுக்கும் அவருக்கும் இருந்த பெரிய வேறுபாடு அடியில்தான். சாட்டையும் சங்கிலியும் இல்லாமல் நாய் படியாது என்று நம்பிய காலம் அது. அவர் பள்ளியில் நாயை அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது. முரட்டுத்தனம் காட்டும் பணியாளருக்கு அங்கே இடமில்லை. தவறு செய்த நாயைப் பிடித்து, தவறு நடந்த இடத்துக்கே அமைதியாக அழைத்துப் போய், மறுபடி செய்யவைப்பார்கள். சரியாகச் செய்ததும் தட்டிக்கொடுத்து இறைச்சித் துண்டு தருவார்கள். அடிபட்ட நாய், செய்தியோடு திரும்பி வருவதையே தண்டனையாக நினைத்துவிடும், அப்புறம் அது வராது என்பது அவர் வாதம்.

முதல் பாடம் மிகவும் எளிது. வேறொரு வீரர் நாயைச் சற்றுத் தொலைவு அழைத்துப் போய் விட்டுவிடுவார். அது தன் பராமரிப்பாளரிடம் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் தொலைவு கூடும். நாளடைவில் சில மைல் தூரத்திலிருந்து, தெரியாத வழியில், இருட்டிலும் பனியிலும் வந்து சேரும். வழியில் முள்கம்பி, வேலி, தண்ணீர், புகை என்று தடைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். எந்த நேரத்தில் விடப்பட்டது, எந்த நேரத்தில் வந்தது என்று ஒவ்வொரு நாய்க்கும் கணக்கு எழுதப்பட்டது.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கியதும் அப்படித்தான். எடுத்தவுடன் பீரங்கி பக்கத்தில் நிறுத்தவில்லை. முதலில் தொலைவில் ஒரு வெடி, பிறகு சற்று அருகில், பிறகு வரிசையாக நின்று சுடும் வீரர்களைத் தாண்டி ஓட்டம். வெடிச் சத்தத்துக்குப் பின்னால் உணவும் அன்பும் காத்திருக்கின்றன என்று தெரிந்ததும் பயம் குறைந்தது. தீபாவளிப் பட்டாசுக்கும் சீனப் பெருநாள் வெடிக்கும் கட்டிலுக்கடியில் ஒளியும் நாயை வைத்திருப்பவர்கள் இந்த முறையை இன்றும் பயன்படுத்தலாம், பெருநாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கினால்.

கடைசி வரை பயம் தெளியாத நாய்கள் இருந்தன. அவற்றை அவர் வற்புறுத்தவில்லை. சில காவல் வேலைக்கு மாற்றப்பட்டன. ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் நின்று குரைப்பதும் வேலைதானே. எதற்கும் ஒத்துவராதவை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. திரும்பிப் போனவற்றுக்கு அங்கே என்ன காத்திருந்தது என்பது மேலே சொன்ன அறையை நினைத்தாலே புரியும். ரிச்சர்ட்சனின் கதையில் இந்தப் பக்கமும் உண்டு.

நாயைத் தேர்ந்தெடுத்த அதே கவனத்தோடு அவர் மனிதர்களையும் தேர்ந்தெடுத்தார். காட்டுக் காவலர்கள், ஆட்டிடையர்கள், வேட்டை நாய் பராமரித்தவர்கள் போன்றோரைப் படைகளிலிருந்து தேடிப் பிடித்து வரவழைத்தார். நாயைப் பிடிக்கும் என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாயின் குணமும் வேறு என்று உணர்ந்து, பொறுமையாக அதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். ஒரு பராமரிப்பாளருக்கு மூன்று நாய்கள். அந்த மூன்றுக்கும் அவர் ஒருவர்தான் உலகம். உணவு அவர் கையால் மட்டுமே. வேறு யாரும் அவற்றுக்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுக்கக் கூடாது, தடவிக்கூடக் கொடுக்கக் கூடாது.

கேட்பதற்குக் கடுமையாகத் தெரியும். அந்த முறையின் உயிர்நாடியே அதுதான். போர்முனையில் பராமரிப்பாளர் பின்வரிசைத் தலைமையகத்தில் இருப்பார். காலாட்படை வீரர் நாய்களை முன்வரிசைக்கு நடத்திப் போவார். செய்தியைக் கழுத்துப் பட்டையில் உள்ள சிறு தகரக் குழாயில் போட்டு அவிழ்த்துவிட்டால், நாய் குண்டு மழைக்கு நடுவே ஓடியது. அதற்கு நாட்டுப்பற்று தெரியாது. தன் ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார், அவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான் தெரியும். முன்வரிசையில் களைத்துக் கிடந்த வீரர்கள் இரக்கப்பட்டு நாயைக் கொஞ்சி, தங்கள் உணவில் பங்கு கொடுத்துவிட்டால் அதன் அவசரம் போய்விடும். அங்கேயே படுத்துக்கொள்ளும். அதனால்தான் நாயைத் தொடாதே, உணவு கொடுக்காதே என்று படைகளுக்கு உத்தரவே போட வேண்டியிருந்தது.

ஒரு விசுவாசத்தை வளர்த்து, அதையே குண்டு மழைக்குள் ஓட வைப்பது சரியா? இன்று படிக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஒரு நாய் செய்தி கொண்டு ஓடினால் ஒரு மனிதர் ஓட வேண்டியதில்லை என்பது அந்தக் காலத்துப் பதில். ரிச்சர்ட்சன் நாய்களை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. அவற்றைச் சாவுக்குள் அனுப்பியவரும் அவர்தான். எத்தனையோ நாய்கள் திரும்பவில்லை.

போர் நீள நீள நாய்களின் தேவை கூடியது. பொதுமக்கள் தங்கள் வீட்டு நாய்களைத் தர வேண்டும் என்று வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்ததால் நாய்க்குச் சோறிட வழியில்லாதவர்களும் அனுப்பினார்கள். சிறுவர்கள் கடிதம் எழுதி இணைத்து அனுப்பினார்கள். கணவரையும் பிள்ளைகளையும் போருக்கு அனுப்பிவிட்டு, கடைசித் துணையாக இருந்த நாயையும் அனுப்பி வைத்த பெண்மணி ஒருவரைப் பற்றி ரிச்சர்ட்சன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பள்ளி பின்னர் இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது.

1918 நவம்பரில் போர் முடிந்தது. வீரர்கள் பிரான்சில் எடுத்து வளர்த்த நாய்களை மூட்டைக்குள் மறைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததால், 1902இல் ஒழிந்துபோன வெறிநாய் நோய் 1918இல் இங்கிலாந்தில் மீண்டும் தலைகாட்டியது. அதை அடக்க 1922 வரை ஆயிற்று. வெறிநாய் நோய் வந்தால் முதல் அடி தெரு நாய் மேல்தான் விழும். 2015 செப்டம்பரில் பினாங்கிலும் அந்நோய் கண்டுபிடிக்கப்பட்டு, தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு வந்ததும், தடுப்பூசி போட்டாலே போதும் என்று விலங்கு ஆர்வலர்கள் போராடியதும் இங்குள்ளவர்களுக்கு மறந்திருக்காது.

ரிச்சர்ட்சன் 1920இல் தம் போர்க்கால அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1929இல் நாய்களோடு கழித்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். அமைதிக் காலத்தில் அவர் தொழில் வீட்டு நாய்கள் பக்கம் திரும்பியது. தனியாக வாழும் பெண்களுக்குத் துணையாகவும் திருடர்களிடமிருந்து வீட்டைக் காக்கவும் பழக்கிய ஏர்டேல் நாய்களைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து விற்றார். ஒரே ஆளுக்குக் கட்டுப்படும் நாய் என்பதே அந்த விளம்பரத்தின் முக்கியச் செய்தி. போர்முனையில் கற்ற பாடத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

1948இல் தமது 85ஆம் வயதை ஒட்டி ரிச்சர்ட்சன் காலமானார். மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானதும் அதே ஆண்டுதான். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்து, ஊரடங்குக்குள் நம் மக்கள் வாழ்ந்த அந்த ஆண்டுகளில், காட்டுக்குள் தடம் பிடிக்க பிரிட்டிஷார் நாய்களைக் கொண்டுவந்தார்கள். ரிச்சர்ட்சன் போட்ட பாதையில் வந்த தலைமுறை அது. லக்கி, பாபி, ஜாஸ்பர், லாஸ்ஸி என்ற நான்கு நாய்கள் 1949 முதல் 1952 வரை போலீசாரோடும் கூர்க்காக்களோடும் மலாயாக் காடுகளில் வேலை செய்தன. அவற்றில் மூன்று மலாயாவிலேயே மாண்டன. உயிரோடு மிஞ்சியது லக்கி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் மட்டுமே. விலங்குகளின் வீரத்துக்குப் பிரிட்டனில் வழங்கப்படும் டிக்கின் பதக்கம் 2007ஆம் ஆண்டு, நால்வரின் பெயரையும் சேர்த்து, அதற்கு அறிவிக்கப்பட்டது.